கசப்பைப் பகுத்தாய்ந்த அறிஞர்

நுழையும் முன்

பாலக்காட்டுக் கணவாயின் வழியே வரும் வறண்ட காற்று கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையாறு ஆகிய ஊர்களைத் தழுவிச் செல்கிறது. அங்கே வீட்டு முற்றத்திலும் வயல் வரப்பிலும் வேப்பமரம் நிழல் தந்து நிற்கும். இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, தேவிகுளம் முதலிய குளிர்ந்த தேயிலைச் சரிவுகளில் வேம்பைக் காண்பது அரிது. ஆனால் குமுளி மலைப்பாதையில் இறங்கிக் கம்பத்தை அடைந்தாலும், சின்னார் வழியாக உடுமலைப்பேட்டையை அடைந்தாலும் வேம்பு நம்மை வரவேற்கும். மலையாளத்தில் இம்மரத்தை ஆரியவேப்பு என்பர். அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகுவதும், புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவுவதும் நம் முன்னோர் வழக்கம். வேம்பின் கசப்புக்குள் என்ன இருக்கிறது? இவ்வினாவை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு சென்ற ஓர் அறிஞரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கல்வியும்

சலீமுஸ்ஸமான் சித்திகி 1897 ஆம் ஆண்டு அக்டோபர் 19 ஆம் நாள் பிறந்தார். இன்றைய உத்தரப்பிரதேச மாநிலத்தில், இலக்னோ நகருக்கு அருகிலுள்ள பாராபங்கி மாவட்டத்தின் சுபேகா என்னும் ஊர் அவர் பிறந்த ஊராகும். இலக்னோவில் பள்ளிக் கல்வி பெற்ற அவர், அலிகர் கல்லூரியில் சேர்ந்து 1919 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் வேதியியல் அறிஞராகப் புகழ்பெற்ற அவர் அங்கே பயின்றவை தத்துவமும் பாரசீக மொழியும் ஆகும். இளமை முதலே கவிதையிலும் ஓவியத்திலும் அழகிய எழுத்துக் கலையிலும் அவருக்கு ஈடுபாடு மிகுதி.

மருத்துவம் பயிலும் நோக்குடன் 1920 ஆம் ஆண்டில் அவர் இலண்டனுக்குச் சென்றார். ஆயினும் ஓராண்டுக்குள் அவருடைய உள்ளம் வேதியியலை நாடியது. 1921 இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரை அடைந்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் வேதியியல் மாணவரானார். அக்காலத்தில் கரிம வேதியியலில் ஜெர்மனி உலகிற்கு வழிகாட்டியாக விளங்கியது. ஜூலியஸ் வான் பிரவுன் என்னும் பேராசிரியரின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்து, 1927 ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். உடன் பயின்ற எத்தல் என்னும் மங்கையை மணந்ததும் அந்நகரில்தான். படிப்பிற்கிடையே தூரிகையையும் அவர் கைவிடவில்லை. அவருடைய ஓவியங்கள் பிராங்க்பர்ட் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

மருத்துவர் கண்ட கனவு

அப்போது தில்லியில் அக்கீம் அஜ்மல் கான் என்னும் பெரியவர் வாழ்ந்தார். அவர் யுனானி மருத்துவத்தில் கரைகண்டவர். 1921 ஆம் ஆண்டு அகமதாபாத்தில் நடைபெற்ற காங்கிரசு மாநாட்டிற்குத் தலைமை ஏற்றவர். தில்லியில் ஆயுர்வேதத்தையும் யுனானியையும் ஒருங்கே கற்பிக்கும் கல்லூரியை நிறுவியவர். அக்கல்லூரியை 1921 ஆம் ஆண்டில் காந்தியடிகள் திறந்து வைத்தார்.

பரம்பரை மருத்துவத்தைப் போற்றிய அஜ்மல் கான், அதன் மருந்துகளைப் புதிய அறிவியலின் துணையுடன் ஆராய வேண்டும் என்றும் விரும்பினார். ஒரு மூலிகை நோயைத் தீர்க்கிறது என்று சொல்வதோடு நின்றுவிடலாகாது. அதிலுள்ள எந்தப் பொருள், எந்த அளவில், எவ்வாறு வேலை செய்கிறது என்பதையும் கண்டறிய வேண்டும். இதுவே அவர் கண்ட கனவு. இக்கனவை நனவாக்கும் பொறுப்பு, அயல்நாட்டில் பயின்று திரும்பிய சித்திகியிடம் வந்து சேர்ந்தது. ஆயுர்வேத, யுனானி மருந்துகளை ஆராயும் நிலையம் ஒன்றைத் தில்லியில் அமைக்கும் பணியை அவர் ஏற்றார்.

ஆனால் 1927 ஆம் ஆண்டு டிசம்பர் 29 ஆம் நாள் அஜ்மல் கான் மறைந்தார். கனவைத் தந்தவர் அதன் பயனைக் காண உயிருடன் இல்லை. சித்திகி அப்பணியைக் கைவிடாமல் தொடர்ந்தார்.

வேரில் கிடைத்த மருந்து

அவர் முதலில் ஆராய எடுத்துக்கொண்டது சர்ப்பகந்தி என்னும் செடியாகும். கேரளத்தில் இதனை அமல்பொரி என்பர். சிவந்த காம்பும் வெண்ணிற இதழ்களும் கொண்ட சிறு மலர்கள் இதில் பூக்கும். இதன் வேரை உறக்கமின்மைக்கும் மனநோய்க்கும் நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர்.

சித்திகியும் அவருடைய உடனாய்வாளரும் அவ்வேரைப் பொடியாக்கி, அதிலிருந்து ஆல்கலாய்டு எனப்படும் வேதிச் சேர்மங்கள் பலவற்றைப் பிரித்தெடுத்தனர். 1931 ஆம் ஆண்டில் அவ்வாய்வின் முடிவுகள் வெளியாயின. புதிதாகக் கண்டுபிடித்த பொருளுக்குப் பெயரிடும் உரிமை கண்டுபிடித்தவருக்கே உண்டு. சித்திகி அதற்குத் தம் பெயரைச் சூட்டவில்லை. தமக்கு வழிகாட்டிய மருத்துவரின் பெயரால் அஜ்மலின் என்று பெயரிட்டார். பரம்பரை மருத்துவருக்கும் புதிய வேதியியலுக்கும் இடையே இருந்த உறவை அப்பெயர் உலகிற்கு உணர்த்தியது.

சீரற்ற இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் மருந்தாக அஜ்மலின் பிற்காலத்தில் பயன்பட்டது. சிலருக்குள்ள மறைவான இதயக் கோளாற்றைக் கண்டறியும் சோதனையில் இன்றும் அதனை மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். அதே வேரிலிருந்து ரெசர்பின் என்னும் மற்றொரு மருந்தை 1952 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர்கள் பிரித்தெடுத்தனர். உயர் இரத்த அழுத்தத்திற்கு அது மருந்தாயிற்று.

வேம்பின் பக்கம்

1940 ஆம் ஆண்டில் சித்திகி அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி அமைப்பில் சேர்ந்தார். இன்று சி.எஸ்.ஐ.ஆர் என்று நாம் அறியும் ஆராய்ச்சிக் கழகத்தின் தொடக்கம் அது. அங்கே அவருடைய பார்வை வேம்பின் மீது விழுந்தது.

வேம்பு நம் நாட்டில் எல்லோரும் அறிந்த மரம். பாண்டிய மன்னர் தம் குலத்திற்குரிய அடையாள மலராக வேப்பம்பூவைச் சூடினர். சித்திரை முதல் நாளில் வேப்பம்பூப் பச்சடி உண்பது தமிழர் மரபு. மாரியம்மன் கோயில்களில் வேப்பிலைக்குத் தனி மதிப்பு உண்டு. வேப்பங்குச்சியால் பல் துலக்குவது இந்தியாவின் பல பகுதிகளிலும் உள்ள வழக்கம். இவ்வளவு அறிமுகமான மரமாக இருந்தும், அதன் கசப்புக்குக் காரணமான பொருள்கள் எவை என்பதை வேதியியலார் தெளிவாக அறிந்திருக்கவில்லை. இயற்கைப் பொருள்களை ஆராயும் வேதியியலாரின் கவனத்தை வேம்பின் பக்கம் திருப்பிய முதல் அறிஞர் என்று சித்திகியைக் குறிப்பிடுவர்.

அக்காலத்தின் நிலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். காலில் முள் தைத்த சிறு புண் சீழ் பிடித்து உயிரைப் பறித்த காலம் அது. பெனிசிலின் என்னும் கிருமிக்கொல்லி மருந்து மேலைநாட்டில் அப்போதுதான் நோயாளிகளுக்குச் செலுத்தப்பட்டுச் சோதிக்கப்பட்டு வந்தது. இந்தியச் சிற்றூர்களில் வாழ்ந்த ஏழை மக்களுக்கு அது எட்டாத பொருள். அவர்கள் கைக்கு எட்டியது முற்றத்து வேம்பே. அவ்வேம்பு உண்மையாகவே கிருமியை எதிர்க்கிறதா, அன்றி அது வெறும் நம்பிக்கையா என்பது பலருடைய உயிரோடு தொடர்புடைய வினாவாக இருந்தது.

மூன்று கசப்புப் பொருள்கள்

சித்திகி வேப்பெண்ணெயை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். வேப்பங்கொட்டையின் பருப்பிலிருந்து ஆட்டி எடுக்கப்படும் அவ்வெண்ணெயில் பல பொருள்கள் கலந்துள்ளன. அவற்றை எவ்வாறு பிரிப்பது?

உப்பு நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. மெழுகு நீரில் கரையாது. சில கரைப்பான்களில் கரையும். ஒவ்வொரு பொருளும் தனக்கேற்ற நீர்மத்திலேயே கரைகிறது. இப்பண்பே சித்திகிக்குத் துணை புரிந்தது. ஈதர், பெட்ரோலிய ஈதர், எத்தில் அசிட்டேட், நீர்த்த ஆல்கஹால் ஆகிய நீர்மங்களைப் பயன்படுத்தி, நீரில் கரையாத கசப்புப் பொருள்களை ஒன்றிலிருந்து ஒன்றாக அவர் பிரித்தார். இவ்வகைப் பணியில் கரைத்தல், வடித்தல், ஆவியாக்குதல், மீண்டும் கரைத்தல் என ஒரே செயலைப் பலமுறை செய்ய நேரிடும். சிறிதளவு தூய பொருளைப் பெறுவதற்கும் மிகுந்த பொறுமை வேண்டும்.

இவ்வாறு மூன்று கசப்புப் பொருள்கள் கிடைத்தன. அவற்றுக்கு நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்று சித்திகி பெயரிட்டார். வேம்பை வடமொழியில் நிம்பம் என்பர். அச்சொல்லே இம்மூன்று பெயர்களிலும் அமைந்துள்ளது. பெங்களூரிலிருந்து வெளிவரும் கரண்ட் சயின்ஸ் என்னும் ஆய்விதழில் 1942 ஆம் ஆண்டில் இக்கண்டுபிடிப்பு வெளியாயிற்று.

மூன்றும் வெவ்வேறு பொருள்கள் என்பதை அவர் எவ்வாறு அறிந்தார்? அதற்கு உருகுநிலை உதவியது. நிம்பின் படிக வடிவம் கொண்டது. 205 பாகை செல்சியசில் உருகியது. நிம்பினின் 192 பாகையில் உருகியது. நிம்பிடினோ பாலேட்டின் நிறமுடையது, படிக வடிவம் அற்றது, கந்தகம் கொண்டது, 90 முதல் 100 பாகை வரையுள்ள வெப்பத்தில் சிறிது சிறிதாக உருகியது. தூய பொருள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும். கலவையோ மெல்ல மெல்ல உருகும். நிம்பிடின் ஒரே சேர்மம் அன்று, பல சேர்மங்களின் தொகுப்பே என்பதைப் பின்வந்த அறிஞர்கள் கண்டறிந்தனர். ஒருவர் தொடங்கிய ஆய்வை மற்றவர் திருத்தி வளர்ப்பது அறிவியலின் இயல்பாகும்.

கிருமியை எதிர்க்கும் கசப்பு

மூன்றனுள் மிகுந்த அளவில் கிடைத்தது நிம்பிடினே. பாக்டீரியாக்களை எதிர்க்கும் ஆற்றல் வேப்பெண்ணெயில் முதன்மையாக நிம்பிடினிலேயே அமைந்துள்ளது என்று அறியப்பட்டது.

ஒரு பொருள் பாக்டீரியாவை எதிர்க்கிறதா என்பதைக் கண்டறிய எளிய முறை ஒன்று உண்டு. கண்ணாடித் தட்டில் கடற்பாசியிலிருந்து செய்த அகார் என்னும் கூழை ஊற்றி, அதன்மேல் பாக்டீரியாவை வளர்ப்பர். சோதிக்க வேண்டிய பொருளில் நனைத்த சிறு தாள் வட்டை அதன் நடுவில் வைப்பர். மறுநாள் தட்டு முழுவதும் பாக்டீரியா படர்ந்து மங்கலாகத் தோன்றும். வட்டைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம் காணப்பட்டால், அப்பொருள் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பது பொருள். வளையம் அகன்றிருந்தால் அப்பொருளின் ஆற்றல் மிகுதி என்று பொதுவாகக் கொள்வர். பூக்கும் தாவரங்கள் பலவற்றின் இலை, மலர், பட்டை, வேர் ஆகியவற்றை இன்றும் இம்முறையில் ஆராய்கின்றனர்.

இத்தகைய ஆய்வு ஏன் வேண்டும்? வேம்பு நல்லது என்று முன்னோர் சொன்னது போதாதா? இதற்கு விடை தரும் வருந்தத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. மலேசியாவில் வாழ்ந்த இந்தியக் குடும்பங்கள் சில, சளிக்கும் இருமலுக்கும் மருந்தாகக் கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெயைப் புகட்டின. அக்குழந்தைகள் வாந்தி, வலிப்பு, மயக்கம் ஆகியவற்றால் துன்புற்றதை மருத்துவர்கள் 1981 ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். புண்ணின் மேல் தடவ உதவும் எண்ணெய், குழந்தையின் வயிற்றுக்குள் சென்றபோது நஞ்சாயிற்று. அன்பினால் செய்த செயலே தீங்காக முடிந்தது. ஒரு தாவரத்தில் நன்மை தரும் பொருளும் தீமை தரும் பொருளும் ஒன்றாகவே கலந்திருக்கக்கூடும். எது எவ்வளவு இருக்கிறது என்பதைப் பிரித்து அறிந்தால்தான் நன்மையைக் கொண்டு தீமையை விலக்க முடியும். முன்னோர் அறிவை இகழாமலும், ஆராயாமல் ஏற்காமலும் இருப்பதே அறிவுடைமை. சித்திகியின் வாழ்நாள் பணி முழுவதும் இவ்வழியிலேயே நடந்தது.

எல்லை கடந்த வாழ்வு

1947 ஆம் ஆண்டில் நாடு இரண்டாகப் பிரிந்தது. சித்திகி உடனே புறப்படவில்லை. மேலும் நான்கு ஆண்டுகள் இந்தியாவிலேயே பணியாற்றினார். பின்னர்ப் பாகிஸ்தான் அரசின் அழைப்பை ஏற்று, 1951 ஆம் ஆண்டில் கராச்சிக்குக் குடிபெயர்ந்தார். அப்போது அவருக்கு வயது 53. பிறந்த ஊரையும் கட்டி வளர்த்த ஆய்வுக்கூடத்தையும் விட்டு, புதிய இடத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பிழைப்புக்காகவும் பணிக்காகவும் சொந்த ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்கள் அந்நிலையை எளிதில் உணரும்.

சித்திகி சோர்ந்துவிடவில்லை. 1953 ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகத்தை உருவாக்கி அதற்குத் தலைமை ஏற்றார். 1961 ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1966 ஆம் ஆண்டில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அவரை, மறு ஆண்டே கராச்சிப் பல்கலைக்கழகம் அழைத்தது. அங்கே வேதியியல் முதுநிலை ஆய்வு நிறுவனம் ஒன்றை அவர் அமைத்தார். இளம் ஆய்வாளர் பலர் அவரிடம் பயிற்சி பெற்றனர்.

நாடு மாறியபோதும் அவருடைய ஆய்வுப் பொருள் மாறவில்லை. வேம்பு கராச்சியிலும் வளர்ந்தது. எண்பது வயதைக் கடந்த பின்னரும் அதன் இலை, கனி முதலிய பகுதிகளிலிருந்து புதிய சேர்மங்களைப் பிரித்தெடுத்து, உடனாய்வாளருடன் கட்டுரைகள் வெளியிட்டு வந்தார். 1990 ஆம் ஆண்டில் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிய பிறகும் தம் ஆய்வுக்கூடத்தில் பணியைத் தொடர்ந்தார்.

1994 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள், தம் 96 ஆம் வயதில், சலீமுஸ்ஸமான் சித்திகி கராச்சியில் மறைந்தார். அன்று தமிழர் இல்லங்களில் சித்திரைப் புத்தாண்டு. வெல்லத்தோடு வேப்பம்பூவும் சேர்ந்த பச்சடி அன்றைய உணவில் இடம்பெற்றிருந்தது. அக்கசப்பை ஆராய்வதற்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட அறிஞர் அந்நாளில் மறைந்ததை அதனை உண்டோர் பலரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

அருஞ்சொற்பொருள்

கணவாய் – மலைத்தொடரின் இடைவெளி
கரைகண்டவர் – முழுதும் கற்றுத் தேர்ந்தவர்
சேர்மம் – தனிமங்கள் சேர்ந்து உருவான பொருள்
கரைப்பான் – பிற பொருளைக் கரைக்கும் நீர்மம்
படிகம் – ஒழுங்கான வடிவம் கொண்ட திண்பொருள்
உருகுநிலை – திண்பொருள் நீர்மமாக மாறும் வெப்பநிலை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. அலிகர் கல்லூரியில் சித்திகி பயின்ற பாடங்கள் யாவை?
2. அஜ்மலின் என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?
3. வேப்பெண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட மூன்று பொருள்கள் யாவை?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. ஒரு பொருள் பாக்டீரியாவை எதிர்க்கிறதா என்பதை எவ்வாறு சோதிப்பர்?
2. முன்னோர் வழக்கத்தை ஆராய்ந்து ஏற்க வேண்டும் என்பதற்குப் பாடம் காட்டும் சான்று யாது?

இ. பிரித்து எழுதுக.
1. வேப்பம்பூ
2. வேப்பெண்ணெய்
3. கண்டறிந்தனர்

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டுப் பெரியோரிடம் அவர்கள் ஊரில் வேம்பை எதற்கெல்லாம் பயன்படுத்தினர் என்று கேட்டு எழுதுக. அவற்றுள் உடலின் மேல் பயன்படுத்துபவை, உட்கொள்பவை என இரு பட்டியல் அமைத்து, உட்கொள்பவற்றுள் மருத்துவரின் அறிவுரை தேவைப்படுபவை எவை என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.